மாசியில் மலையகம் வருகிறோம்: எல்ல, நுவரெலியா தவிர எங்கே போகலாம், என்ன சாப்பிடலாம்?

கோத்தகிரி_பேத்தி (இழை தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். பிப்ரவரி கடைசியில் நானும் என் கணவரும் பத்து நாள் இலங்கை மலையகத்துக்கு வருகிறோம். நான் கோத்தகிரி. அவர் புனேக்காரர், தமிழ் இப்போதுதான் பழகுகிறார். யூடியூபில் தேடினால் திரும்பத் திரும்ப மூன்று விஷயம்தான் வருகிறது: ஒன்பது வளைவுப் பாலம், எல்ல கஃபேக்கள், கிரகரி ஏரியில் படகு. அவற்றை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு மட்டும் நான் வரவில்லை.

என் அம்மாயி (அம்மாவின் அம்மா) பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். 1964 இந்திய-இலங்கை (சிறிமா-சாஸ்திரி) ஒப்பந்தத்தின்படி 1970களில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேயும் கொழுந்து, இங்கேயும் கொழுந்து. கடைசி வரை டீயைச் "சாயம்" என்றுதான் சொன்னார். அவர் இப்போது இல்லை. அவர் சொன்ன தோட்டப் பெயரை வரைபடத்தில் தேடினால் கிடைக்கவே இல்லை.

அங்கே உள்ளவர்கள் உண்மையில் என்ன சாப்பிடுகிறார்கள், எந்தக் கடையில்? மாசியில் கூத்து நடக்குமா? வெளியூர்க்காரர்கள் போய்ப் பார்க்கலாமா? அப்புறம், லயன்களை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) பார்க்க ஏதாவது டூர் இருக்கிறதா?

பதுளை_ரயில்

அக்கா, ரயில் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்வார்கள்.

கண்டியிலிருந்து எல்லவுக்கு முன்பதிவுப் பெட்டியில் இடம் கிடைக்கவில்லை என்று வெளிநாட்டவர்கள் தவிக்கிறார்கள். அந்தப் பெட்டியை விடுங்கள். அட்டனில் ஏறி பண்டாரவளையில் இறங்கும்படி மூன்றாம் வகுப்பில், பகல் ரயிலில் வாருங்கள். பொடி மெனிக்கே, உடரட்ட மெனிக்கே இரண்டும் இந்தப் பாதையில்தான் ஓடுகின்றன. அட்டன் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம் வரும், அரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீளம். உள்ளே போனதும் பெட்டியில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து கூச்சல் போடுவார்கள், நீங்களும் போடலாம். தலவாக்கலைப் பக்கம் சென்கிளேயர், டெவன் நீர்வீழ்ச்சிகள் தெரியும். பட்டிப்பொலதான் நாட்டிலேயே உயரமான ஸ்டேஷன், கிட்டத்தட்ட 1,890 மீட்டர். அங்கே ஜன்னலைத் திறந்தால் பெப்ரவரியிலும் கை விறைக்கும்.

எல்ல பாலத்தில் எல்லோரும் படம் எடுத்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். அடுத்த ஸ்டேஷன் தெமோதரை. அங்கே பாதை மலையைச் சுற்றி வளைந்து, அந்த ஸ்டேஷனுக்குக் கீழேயே சுரங்கம் வழியாகப் போகிறது. கடைசி வரை பதுளைக்கு வாருங்கள். 1924ல் பாதை வந்து முடிந்த ஊர் அது, அதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை.

ஒன்று: பெரிய மழை பெய்தால் மண்சரிவு வந்து பாதை மூடப்படும். புறப்படும் நாள் காலையில் ஸ்டேஷனில் விசாரித்துவிட்டு ஏறுங்கள்.

டிக்கோயா_மகள்

தங்கச்சி, உங்கள் பதிவை இரண்டு தடவை வாசித்தேன். அம்மாயி என்று எழுதியதும் எனக்கு என் அம்மாயி நினைவு வந்துவிட்டது. என் அம்மாயியின் தங்கச்சி குடும்பமும் அதே கப்பலில்தான் போனது. அதனால் உரிமையோடு ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

லயன் டூர் வேண்டாம்.

நான் லயத்தில் பிறந்தவள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு (திண்ணை). அதில் ஏழு பேர் இருந்தோம். ஒரு நாள் வேன் ஒன்று வந்து நின்று, கேட்காமலே இஸ்தோப்பில் ஏறி, அடுப்படியில் இருந்த அம்மாவைப் படம் எடுத்தார்கள். அம்மா அவசரமாக முந்தானையை இழுத்துச் சரிசெய்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, பிள்ளைகளுக்கு இனிப்புக் கூடக் கொடுத்தார்கள். ஆனால் எங்கள் வீட்டுக்குள் வர எங்களிடம் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. யாராவது கூப்பிட்டால் போங்கள். கூப்பிடுவார்கள், எங்கள் சனம் அப்படி. கூப்பிட்டால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கொடுத்ததைக் குடியுங்கள்.

மலையில் கொழுந்து பறிக்கிறவர்களையும் அப்படித்தான். ஒரு பேர் போட (ஒரு நாள் சம்பளம் பதிய) இத்தனை கிலோ என்று கணக்கு இருக்கிறது. தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், 18, 20 கிலோ என்று வரும். நிறை குறைந்தால் அரைப் பேர்தான். படத்துக்காக அவர்களைப் பத்து நிமிடம் நிறுத்திவைத்தால் அது அவர்கள் சம்பளம். தேத்தண்ணி நேரத்தில் போங்கள், இல்லாவிட்டால் சாயந்தரம் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு.

இப்போது சாப்பாடு. இதை எழுதத்தான் ஆசையாக உட்கார்ந்தேன்.

எங்கள் சாப்பாட்டின் தலை ரொட்டிதான். கோதுமை மா, துருவிய தேங்காய், உப்பு, விரும்பினால் வெங்காயமும் பச்சை மிளகாயும். உங்கள் ஊர் சப்பாத்தி மாதிரி மெல்லியது இல்லை, விரல் தடிப்பில் தட்டிக் கல்லில் போட்டு எடுப்பது. ஏன் அவ்வளவு தடிப்பு என்றால், விடியற்காலையில் சுட்டுத் துணியில் சுற்றி மலைக்கு எடுத்துப் போனால் பத்து மணி வரை தாங்க வேண்டும். ரேஷனில் கிடைத்தது மா, வீட்டில் இருந்த நேரம் அரை மணி, அதற்குள் ஆன சாப்பாடு இது. கூட கட்டச் சம்பல்: செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, கொஞ்சம் மாசிக் கருவாடு (மாலைதீவு மீன் கருவாடு), அம்மியில் இடித்துத் தேசிக்காய் பிழிந்தது. மிக்சியில் அரைத்தால் அந்த ருசி வராது, அம்மியில் நசுங்க வேண்டும்.

சாயம் குடிக்கும்போது சீனியைக் கோப்பையில் போடாதீர்கள். உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்து, ஒரு நக்கு, ஒரு மிடறு. கித்துள் கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டும் குடிப்போம். உலகத்துக்கே தேயிலை அனுப்புகிற மலையில் நாங்கள் குடித்து வளர்ந்தது டஸ்ட் தூள்தான். நல்ல தரம் எல்லாம் ஏலத்துக்குப் போய்விடும். ஆனால் குளிரில் அந்தக் கறுத்த சாயம் தொண்டையில் இறங்குகிற சுகம் பங்களாக் கோப்பையில் வராது என்று நான் சத்தியமாக நம்புகிறேன்.

இதற்கெல்லாம் பெயர்ப்பலகை வைத்த ஹோட்டல் தேட வேண்டாம். அட்டன், நோர்வூட், மஸ்கெலியா பஸ் ஸ்டாண்டுகளைச் சுற்றிக் காலை ஆறு மணிக்குத் திறக்கிற சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் ரொட்டி இருக்கும். மத்தியானம் சோறு, பருப்பு, போஞ்சி, கருவாட்டுக் குழம்பு. அவித்த மரவள்ளிக் கிழங்கும் கட்டச் சம்பலும் கிடைத்தால் விடாதீர்கள்.

கோத்தகிரி_பேத்தி

அக்கா, கோபம் எதுவும் இல்லை. லயன் டூர் என்று எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். எங்கள் நீலகிரியிலும் வண்டியை நிறுத்தி எங்கள் அம்மாவைப் படம் எடுத்தவர்கள் உண்டு. அப்போது எனக்கு எவ்வளவு எரிச்சல் வந்தது என்பதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

உள்ளங்கைச் சீனி! அம்மாயி அப்படித்தான் குடிப்பார். அவருடைய தனிப் பழக்கம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

ஸ்கார்பரோ_தம்பி

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து டொரோண்டோவில் வளர்ந்தவன். தமிழன்தான், ஆனாலும் மலையகத்தில் நான் முழு வெளிநாட்டுக்காரனாகத்தான் இருந்தேன். போன வருடம் ஒரு ஏஜென்சி மூலம் "தோட்ட வாழ்க்கை அனுபவம்" என்று காசு கட்டிப் போனேன். ஒரு அம்மாவின் கூடையை வாங்கி என் தலையில் மாட்டிப் படம் எடுத்தார்கள். அந்த அம்மா சிரித்துக்கொண்டு ஓரமாக நின்றார். நான் கட்டிய காசில் அவருக்கு எவ்வளவு போனது என்று கேட்டேன், வழிகாட்டி பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அந்தப் படங்களை அழித்துவிட்டேன்.

பொகவந்தலாவை போகிறீர்கள் என்றால் ஒரு இடம் சொல்கிறேன். அங்கே புனித மேரி தேவாலய வளவில் ஜூலியா மார்கரெட் கமரனின் கல்லறை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பெரும் புகழ் பெற்ற புகைப்படக் கலைஞர். கடைசிக் காலத்தில் கணவரோடு இலங்கை வந்து 1879ல் இறந்தார். அவர் இங்கே எடுத்த படங்களில் தோட்டத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். நல்ல படங்கள். ஆனால் படத்தில் இருப்பவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எங்கேயும் இல்லை. எடுத்தவருக்குக் கல்லறையும் பெயரும் இருக்கிறது. நான் அந்த வளவில் நின்றபோது இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாத்தளை_வாசகன்

சகோதரி வரும் காலம் அருமையான காலம். ஆறுதலாக எழுதுகிறேன்.

முதலில் மாத்தளை முத்துமாரியம்மன். மாசி மகத்துக்குப் பஞ்சரத பவனி, ஐந்து தேர் வீதியில் வரும். பெரிய தேர் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த நம் ஆட்கள் தலைமன்னாரில் இறங்கிக் காடு வழியாக நடந்தே மாத்தளைக்கு வந்தார்கள். காய்ச்சலிலும் பசியிலும் வழியில் இறந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. வந்து சேர்ந்தவர்களுக்கு மாத்தளைதான் மலைநாட்டின் வாசல். 2023ல் மலையக மக்களின் 200 ஆண்டுகளை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அதே வழியில் மறுபடி நடந்தார்கள். 1983ல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த கோயில் இது. தேரன்று ஊருக்குள் வண்டி ஓடாது, முதல்நாளே வந்துவிடுங்கள்.

அடுத்தது காமன் கூத்து. மாசியில் பிறை பார்த்துக் கம்பம் ஊன்றுவார்கள். அதிலிருந்து இரவு இரவாகப் பாட்டும் தப்புப் பறையும் ஆட்டமும் நடக்கும். தோட்டத்து இளைஞர்கள்தான் ரதியும் மதனும். தவத்தில் இருக்கிற சிவனை எழுப்பப் போன மதனைச் சிவன் எரிப்பதும், ரதி அழுவதும் விடிய விடியப் போகும். ரதி வேடம் போடுகிறவர் விரதம் இருப்பார். அழுகிற இடத்தில் பார்க்கிற கிழவிகளும் அழுவார்கள், நானே அழுதிருக்கிறேன். இது மேடை நிகழ்ச்சி இல்லை, டிக்கெட் இல்லை. தோட்டத்துக்குத் தோட்டம் நாள் மாறும். எந்த டவுனில் தங்குகிறீர்களோ அங்கே கோயில் ஐயரிடமோ ஆட்டோக்காரத் தம்பியிடமோ "எந்தத் தோட்டத்தில் கம்பம் ஊன்றியிருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். போனதும் தோட்டத் தலைவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு உட்காருங்கள். தப்புக்காரர்களைத் தாண்டிக்கொண்டு போகாதீர்கள். கம்பளி கட்டாயம்.

தப்பு என்பது கூத்துக்கு மட்டும் இல்லை என்பதையும் உங்கள் கணவருக்குச் சொல்லுங்கள். விடியுமுன் ஆட்களை எழுப்பிப் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு) கூப்பிட்டதும் அதே தப்புதான்.

தோட்டத்துச் சாமிகளையும் கவனித்துப் பாருங்கள். மாரியம்மனும் முனியாண்டியும் ஊரிலிருந்து கூட வந்தவர்கள். ஆனால் ரோதைமுனி என்று ஒரு சாமி உண்டு, தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) சுழலுகிற ரோதைகளுக்கு, அதாவது சக்கரங்களுக்குக் காவல். தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்திக்கு ஒரு கவ்வாத்துச் சாமி. இங்கே வந்த பிறகு, இங்கத்து வேலையிலிருந்தும் பயத்திலிருந்தும் பிறந்த சாமிகள் அவை. வேறெங்கே போனாலும் பார்க்க முடியாது.

மியூசியம் என்றால் எல்லோரும் கண்டி ஹந்தானை தேயிலை மியூசியத்தைச் சொல்வார்கள். 1925ல் கட்டிய தொழிற்சாலையில் இருக்கிறது, பழைய இயந்திரங்களும் ஜேம்ஸ் டெய்லரின் பொருட்களும் உண்டு. பாருங்கள். ஆனால் கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய லயன் காம்பராக்களையே அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். லயத்தைப் பார்க்க வேண்டுமென்றால், யாருடைய அடுப்படியிலும் நுழையாமல், மக்களே தங்கள் கதையைச் சொல்கிற அந்த இடத்தில் பாருங்கள். புறப்படுமுன் ஃபோனில் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

கடைசியாக ஒன்று. டெய்லர் 1867ல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட லூல்கந்துரவுக்கு வெள்ளைக்காரர்கள் நிறையப் போகிறார்கள். அதே ஹேவாஹெட்டைப் பக்கம்தான் முல்லோயா தோட்டம். 1940 ஜனவரியில் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் இறந்த இடம். அந்தப் பாதையில் போகிறவர்கள் இரண்டு பெயரையும் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

ஊவாக்_காற்று

எங்கள் ஊவா மாகாணத்தை யாரும் சொல்லவில்லையே!

பண்டாரவளையில் ஒரு ஞாயிறு இருங்கள். சந்தையில் லீக்ஸ், கரட், பீட்ரூட், மரத்தக்காளி எல்லாம் மண்ணோடு வந்து இறங்கும். பதுளை வீதியில் தோவ விகாரை, பாறையில் செதுக்கி முடிக்காமல் விட்ட பெரிய புத்தர். ஹாலிஎலப் பக்கம் போகொட, கூரை போட்ட பழைய மரப்பாலம். இரண்டுக்கும் கூட்டம் வராது.

அப்புத்தளையில் ஆதிசம் பங்களா, 1931ல் ஒரு துரை கட்டியது, இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். அவர்கள் செய்கிற பழ ஜாம் வாங்கலாம். எல்லா நாளும் திறப்பதில்லை, சனி ஞாயிறு பார்த்துப் போங்கள். லிப்டன் சீட் என்ற மலை உச்சிக்கு விடியும்போதே ஏறிவிடுங்கள், ஒன்பது மணிக்கெல்லாம் மூடுபனி வந்து கண்ணை மறைத்துவிடும். இறங்கும்போது 1890ல் லிப்டன் கட்டிய தம்பேத்தன்னை ஸ்டோரைப் பார்க்கலாம். ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ அளவு பச்சைக் கொழுந்து போகிறது. வாட்டும் தட்டில் கொழுந்தை ஒரு கை அள்ளிப் பார்த்தால் அந்தக் கணக்கு விளங்கும்.

நீங்கள் வரும்போது டிக்கோயா, தலவாக்கலைப் பக்கத் தேயிலைக்குத்தான் நல்ல பருவம். எங்கள் ஊவாத் தேயிலைக்கு ஜூலையிலிருந்து செப்டம்பர், கச்சான் காற்று அடிக்கிற காலம். அதைக் குடிக்க இன்னொரு தரம் வர வேண்டும்.

தியலும நீர்வீழ்ச்சிக்குப் போனால் கொஸ்லந்தை வழியாகத்தான். 2014 ஒக்டோபர் 29ல் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போன இடம் அங்கேதான். ஒரு நிமிடம் வண்டியை நிறுத்துங்கள்.

கோத்தகிரி_பேத்தி

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். என் கணவர் சைவம், சம்பலில் மாசிக் கருவாடு இருந்தால் என்ன செய்வது?

டிக்கோயா_மகள்

"மாசி போடாத சம்பல்" என்று கேளுங்கள், கொடுப்பார்கள். தேங்காய்ச் சம்பலிலும் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். வல்லாரைச் சம்பலும் பருப்பும் எங்கேயும் உண்டு.

தோட்டப் பெயருக்கு ஒரு வழி சொல்கிறேன். தோட்டங்களுக்கு வரைபடத்தில் இருப்பது ஆங்கிலப் பெயர். நம் சனம் கூப்பிடுவது வேறு பெயர். கூகுளுக்கு அது தெரியாது. அம்மாயியின் பழைய பாஸ்போர்ட்டோ, முகாமில் கொடுத்த குடும்ப அட்டையோ வீட்டில் இருந்தால் தேடுங்கள், ஆங்கிலப் பெயர் அதில் இருக்கலாம். இல்லாவிட்டால் அட்டனில் பொகவந்தலாவை பஸ் கண்டக்டரிடம் அம்மாயி சொன்ன பெயரையே சொல்லுங்கள். அவர்களைவிடப் பெரிய வரைபடம் கிடையாது.

கோத்தகிரி_பேத்தி

திரும்பி வந்து ஒரு வாரம் ஆகிறது. இந்த இழைக்குக் கடன்பட்டிருக்கிறேன், அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

குடும்ப அட்டை கிடைக்கவில்லை. கண்டக்டர்தான் காப்பாற்றினார். பெயரைச் சொன்னதும் "அது தோட்டம் இல்லை அக்கா, ஒரு தோட்டத்தின் மேல் டிவிசன்" என்றார். நோர்வூட் தாண்டி ஒரு வளைவில் இறக்கிவிட்டு, எதிரே வந்த ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி, அவரே வாடகையும் பேசிவிட்டுப் போனார்.

அம்மாயி பிறந்த லயம் இப்போது இல்லை. அந்த இடத்தில் மரக்கறித் தோட்டம் போட்டிருக்கிறார்கள். பிள்ளைக் காம்பரா (வேலை நேரத்தில் குழந்தைகளை விடும் இடம்) மட்டும் பழையது. அம்மாயி பெயரைச் சொல்லி நாலைந்து பேரிடம் கேட்டேன், யாருக்கும் ஞாபகம் இல்லை. ஐம்பது வருடம் ஆகிவிட்டதே. ஆனால் கோத்தகிரியில் டேன்டீயில் இருந்தார் என்றதும் ஒரு வயதான அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் அண்ணன் கூடலூருக்குப் போனதாகவும் பிறகு கடிதம் நின்றுவிட்டதாகவும் சொன்னார். அண்ணன் பெயரை எழுதி வாங்கி வந்திருக்கிறேன். கூடலூரில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

சாயம் வந்தது. என் கணவர் யாரும் சொல்லாமலே உள்ளங்கையை நீட்டினார், எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

அன்றிரவே அந்த டிவிசனில் காமன் கூத்து. தப்பை நெருப்பில் காய்ச்சிக் காய்ச்சி அடித்தார்கள். ரதி புலம்பும்போது எனக்கு வார்த்தை பாதிதான் புரிந்தது, என் கணவருக்கு ஒன்றுமே புரியவில்லை, இரண்டு பேரும் அழுதோம். மஸ்கெலியாவிலும் ஒரு நாள் இருந்தோம். மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கி, மூழ்கிப்போன பழைய ஊரின் கோயில் தெரிந்தது. சிவனொளிபாதமலையில் பாதி வரைதான் ஏற முடிந்தது, முழங்கால் விடவில்லை.

கூத்துக்காரர்களைக் கேட்டு அனுமதியோடு படம் எடுத்தோம். ஸ்கார்பரோ_தம்பி எழுதியதை அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லியிருந்தேன். அதனால் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். முப்பத்திரண்டு படம் அச்சுப்போட்டு வைத்திருக்கிறோம். எந்த முகவரிக்கு அனுப்புவது? கேட்டதற்குத் தோட்டப் பெயரும் டிவிசனும்தான் சொன்னார்கள், வீட்டு எண் இல்லையாம்.

டிக்கோயா_மகள்

இல்லைதான் தங்கச்சி. நிறையத் தோட்டங்களில் இன்னும் வீட்டுக்கு வீடு முகவரி கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து யாராவது எடுத்துவந்தால்தான் உண்டு. வேலைக்கு வரச்சொன்ன கடிதம் நாள் தவறிக் கைக்கு வந்து வேலையை இழந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

என் டிக்கோயா முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். அதற்குப் பார்சல் போடுங்கள். வந்ததும் அடுத்த ஞாயிறே பஸ் ஏறி நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் அவரவர் பெயரை எழுதிவிடுங்கள், மாறிப் போகக் கூடாது.